மூடிச் சத்தம்

அத்தியாயம் 14

பாம்பாக் வீட்டில் மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்கத் தெரியாது என்று மில்வாக்கியின் மேற்குக்கரை முழுக்கச் சொல்லும். ஊர் சொல்வதை எல்லாம் நம்பிக்கொண்டிருந்தால் இந்தத் தொடரை நான் மூன்றாவது வாரமே முடித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்த கடிதம் நினைவிருக்கும். ஆற்றுக்குக் கிழக்கே புதிதாகக் கட்டி முடித்த இசை மண்டபத்தின் கமிட்டி எழுதியது. மண்டபத்துக்கு நிரந்தரமாக ஓர் ஆர்கெஸ்ட்ரா வேண்டும். அதை நடத்த ஓர் ஆள் வேண்டும். பட்டியலில் மூன்று பெயர்கள். ஒருவர் பாஸ்டன்காரர். இன்னொருவர் லைப்சிக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலுக்குக் காத்திருப்பவர். மூன்றாவது நம் லூட்கர் பாம்பாக்.

பதினைந்து வருஷத்துக்கு முன் பெண்டாட்டி, ஆறு வயது மகள், ஒரு பெட்டி நிறைய இசைத்தாள் சகிதம் ஹாம்பர்க்கில் கப்பல் ஏறியவர். பிட்ஸ்பர்க்கில் சவ ஊர்வலத்துக்கு பாண்டு வாசித்தார். கிளீவ்லாந்தில் கசாப்புக்காரர்களின் பாட்டுச் சங்கத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் மச்சான் காஸ்பர் கூப்பிட்டுப் பதினொரு வருஷமாக மில்வாக்கியில், காஸ்பருடைய லிண்டன் பீர்த் தோட்டத்தில், ஞாயிறுதோறும் முப்பத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு மார்ச்சும் வால்ட்ஸும் வாசித்து வருகிறார்.

'ஞாயிறு மதியம் எங்களில் சிலர் உங்கள் தோட்டத்தில் சாதாரண ரசிகர்களாக உட்கார்ந்து கேட்போம். விசேஷ ஏற்பாடு எதுவும் வேண்டாம்' என்று கடிதம் முடிந்திருந்தது. இங்கிலீஷில் வரும் கடிதங்களை மகள் இர்மாதான் படித்துச் சொல்வாள். இதைப் படித்ததும் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வால்புர்கா அதை வாங்கி மடித்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அப்பாகிட்ட மூச்சு விட்ட, தொலைச்சுடுவேன்."

காரணம் ஃபிலடெல்ஃபியா. பதினாலு வருஷத்துக்கு முன் அங்கே ஒரு நல்ல வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பரீட்சைக் கச்சேரியின்போது எவனோ ஒரு புண்ணியவான் காதில் வந்து சொன்னான், பின் வரிசையில் நடுவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிஷம் போக வேண்டியதை லூட்கர் எட்டரை நிமிஷத்தில் முடித்தார். டபுள் பேஸ் வாசித்த இரண்டு பேரும் பாதியிலேயே வில்லைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தன்னை யாரோ எடை போடுகிறார்கள் என்று தெரிந்தால் அந்த மனிதரின் கைக்குப் பேய் பிடித்துவிடும்.

ஆக, ஞாயிறு காலை விடிந்தபோது வீட்டில் இரண்டு பேருக்கு விஷயம் தெரியும். மூன்றாமவர் கண்ணாடி முன் நின்று நிம்மதியாக மீசைக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

"ம்."

"இன்னைக்கு அந்த மெதுவான பகுதிய வாசிங்களேன்."

மீசை ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாக நின்றது.

"எது, சிம்பொனில ரெண்டாவது பகுதியா? தோட்டத்துலயா? உனக்கென்ன கிறுக்கா?"

"குளிர்காலம் பூரா ஒத்திகை பாத்தீங்களே."

"அது கதவச் சாத்திக்கிட்டு, எங்க ஆசைக்கு வாசிச்சது. தோட்டத்துல ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ வாசிச்சேன், மறந்துட்டியா? ஓபோக் குழல் அழுதுகிட்டே வருது. இந்தப் பக்கம் டக்குன்னு ஒரு மூடி. அந்தப் பக்கம் டக்கு டக்குன்னு நாலு மூடி. கடைசில ஓபோ எதுக்கு அழுவுதுன்னே எனக்குப் புரியல."

அவர் சொன்னது பீர்க் கோப்பைகளின் மூடியை. லிண்டன் மரம் பூவை உதிர்த்துக்கொண்டே இருக்கும், ஈயும் வரும். அதனால் ஒவ்வொரு வாய்க்கும் வெள்ளீய மூடியைத் தட்டிச் சாத்துவது அங்கே மூச்சு விடுவது போன்ற பழக்கம். எண்ணூறு பேர், எண்ணூறு மூடிகள். மார்ச் வாசிக்கும்போது அது தாளமாகவே சேர்ந்துகொள்ளும். மெதுவான இசைக்கு அது எமன்.

"அடுத்த வாரம் நம்ம கல்யாண நாள்," என்றாள் வால்புர்கா. "இருபத்திரண்டு வருஷத்துல உங்ககிட்ட எதாவது கேட்டிருக்கேனா?"

"போன மாசம் தையல் மெஷின் கேட்ட."

"அது வீட்டுக்கு. இது எனக்கு."

லூட்கர் மீசையின் மறுபக்கத்தை முறுக்கி முடிக்கும்வரை யோசித்தார். பெண்டாட்டி வாய்விட்டுக் கேட்டால் மறுக்கிற தைரியம் அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்தே இல்லை.

"சரி, வாசிக்கிறேன். ஆனா மூடிச் சத்தத்துல நான் மேடையிலயே உயிர விட்டா, கேஸ் உன் மேல."

காலை உணவுக்கு உட்கார்ந்தபோது அவர் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். ரொட்டி, குழுவில் ஓபோ வாசிக்கும் டீட்மாரின் பேக்கரியில் சுட்டது. முப்பத்திரண்டு பேரில் மூன்று பேர்தான் வாத்தியத்தை நம்பிப் பிழைப்பவர்கள். மற்றவர்கள் பீப்பாய் செய்கிறார்கள், சேணம் தைக்கிறார்கள், தபால் கொடுக்கிறார்கள்.

"என்னா ரொட்டி! ஊதுறது அதவிட ஒரு படி மேல. இருபத்தேழு வயசுல இந்த மூச்சு எவனுக்கு வரும்?"

"நல்ல பையன்," என்றாள் வால்புர்கா.

"நல்ல பையன்தான். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், என் பொண்ண பாத்திரக் கடைக்காரனுக்குக் குடுத்தாலும் குடுப்பேனே தவிர வாத்தியக்காரனுக்குக் குடுக்க மாட்டேன். இந்தக் குடும்பத்துல பட்டினி கெடக்க ஒரு ஆள் போதும்."

இர்மா வாயிலிருந்த ரொட்டியை மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, தோட்டத்துக்கு முன்கூட்டியே போய் இசைத்தாள்களை அடுக்க வேண்டும் என்று எழுந்தாள்.

இசைத்தாள் அடுக்கக் கால் மணி நேரம் போதும். இர்மா மீதி நேரத்துக்கு வேறு திட்டம் வைத்திருந்தாள்.

இரண்டரை மணிக்கெல்லாம் தோட்டம் நிரம்பிவிட்டது. குழந்தைகள், தள்ளுவண்டிகள், உப்புத் தூவிய வெள்ளை முள்ளங்கி, புகை போட்ட மீன், ஏரிக் காற்று. இர்மா மேஜை மேஜையாகப் போனாள்.

"பெரியப்பா, ஒரு உதவி. அப்பா இன்னைக்கு அம்மாவுக்காக மெதுவான பகுதி ஒண்ணு வாசிக்கப் போறாரு. கல்யாண நாள் பரிசு. அது வர்றப்போ மட்டும் மூடியச் சாத்தாதீங்க. அப்படியே திறந்து விட்டுடுங்க. சத்தமே வராது."

"பீருக்குள்ள பூ விழுந்தா?"

"எடுத்துப் போட்டுட்டுக் குடிங்க. செத்துட மாட்டீங்க."

"உங்கப்பனுக்காக ஈ விழுந்த பீரையும் குடிப்பேன்டி. நீ போ."

எல்லாரும் சரி என்றார்கள். லூட்கர் அவர்களில் பாதிப் பேரின் கல்யாணத்துக்கு வாசித்தவர். காஸ்பரிடம் மட்டும் இர்மா சொல்லவில்லை. மாமாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்று. அதைவிட முக்கியம், லூட்கர் மண்டபத்துக்குப் போய்விட்டால் லிண்டன் தோட்டத்தின் ஞாயிற்றுக்கிழமையே போய்விடும். பரிமாறுகிற பதினாலு பேரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிஷம் மாமாவின் காதுக்குப் போய்விடும்.

மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஜூலை மாதத்தில் கையுறை போட்டுக்கொண்டு பீர்த் தோட்டத்துக்கு வருகிறவர்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கத்தில் கிடையாது. நடுவில் நரைத்த தலையும் நிமிர்ந்த முதுகுமாக ஓர் அம்மாள், இரு பக்கமும் வைக்கோல் தொப்பி போட்ட இரண்டு கனவான்கள். மூன்று பேருக்கும் எலுமிச்சைச் சாறு. அந்த அம்மாள் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அம்மாவும் மகளும் தோட்டத்தின் இரு கோடிகளிலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வால்புர்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மார்ச் முடிந்தது. வால்ட்ஸ் முடிந்தது. மூடிகள் வழக்கம்போல் டக்கு டக்கென்று தாளம் போட்டன. வைக்கோல் தொப்பிகளில் ஒருவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணைச் சிமிட்டினார். பிறகு லூட்கர் கோலை உயர்த்தினார், மிக மெதுவாக இறக்கினார். டீட்மாரின் ஓபோ தனியாகக் கிளம்பியது.

தோட்டம் முழுக்க எண்ணூறு மூடிகள் திறந்தன. ஒன்றைக்கூட யாரும் திரும்பச் சாத்தவில்லை. இர்மாவுக்குப் பெருமையில் கண் கலங்கியது.

அந்தக் கலங்கிய கண்ணோடுதான் அவள் பார்த்தாள், மதுக்கூடத்தின் வாசலில் பரிமாறுகிற ஆலோய்ஸ் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதியை அவள் மறந்துபோயிருந்தாள். மூடி சாத்தியிருந்தால் போதும் என்று அர்த்தம். மூடி திறந்திருந்தால் இன்னொன்று கொண்டு வா என்று அர்த்தம். கேட்கக்கூட வேண்டாம், கொண்டுபோய் வைக்க வேண்டும். காஸ்பர் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

ஆலோய்ஸ் முப்பது வருஷம் பீர் சுமந்தவர். எண்ணூறு பேர் ஒரே நேரத்தில் இன்னொன்று கேட்டு அவர் பார்த்ததில்லை.

"டேய், வாங்கடா!"

பதினாலு பேரும் சரளைக்கல்லில் ஓடினார்கள். சரக் சரக்கென்று உள்ளே போனார்கள், கைக்கு ஆறு கோப்பையாக வெளியே வந்தார்கள். மதுக்கூடத்தில் இரண்டு பீப்பாய் நொடியில் காலி. காஸ்பர் மூன்றாவது பீப்பாயை உருட்டி நிறுத்தி, குழாயை அதன் வாயில் பொருத்தி, மரச் சுத்தியலைத் தலைக்கு மேல் தூக்கினார். அது இறங்கினால் சத்தம் ஆற்றுக்கு அந்தக் கரையில் கேட்கும்.

இர்மா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்வழியே ஓடி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாமா, வேணாம்!"

"விடுடி! எண்ணூறு மூடி திறந்திருக்கு. என் ஆயுசுல இப்படி ஒரு ஞாயித்துக்கிழமை பாத்ததில்ல!"

"அவங்க பீர் கேக்கல மாமா. சத்தம் வரக்கூடாதுன்னு திறந்து வச்சிருக்காங்க. நான்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. இர்மா மூச்சு வாங்கிக்கொண்டே நாலு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். கடிதம், கமிட்டி, கையுறை அம்மாள், மண்டபம்.

காஸ்பரின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது. சுத்தியல் மேலேயே நின்றது.

"அப்ப கெடைச்சா, உங்கப்பன் என்னை விட்டுப் போயிடுவான்."

"ஆமா மாமா."

"ஒரே ஒரு அடி அடிச்சேன்னு வையி, போகமாட்டான்."

வெளியே ஓபோ ஏறிக்கொண்டிருந்தது, அதன் கீழே கொம்பு வாத்தியங்கள் மெல்லச் சேர்ந்துகொண்டன. காஸ்பர் இசை தெரிந்தவர் அல்ல. அவருக்கு மார்ச் பிடிக்கும், அதுவும் சத்தமாக இருந்தால். ஆனால் பதினொரு வருஷமாக ஞாயிறுதோறும் அந்த மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பவர். இன்று அந்த முதுகு ஏதோ அடிக்குப் பயந்து குறுகி நின்றது அவர் கண்ணில் பட்டது.

அவர் சுத்தியலை இறக்கி இர்மாவின் கையில் கொடுத்தார்.

"இத எடுத்துக்கிட்டு எங்கயாவது தூரமா போ. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல."

பிறகு வாசலுக்கு வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அவர் கை காட்டினால் அந்தத் தோட்டத்தில் நிற்காதவன் கிடையாது. பதினாலு பேரும் இருந்த இடத்தில் நின்றார்கள். பாதையில் இருந்தவன் பாதையில், மேஜைக்கு அருகில் குனிந்தவன் குனிந்த வாக்கில். ஒவ்வொருவர் கையிலும் பன்னிரண்டு நிரம்பிய கோப்பைகள். கீழே வைத்தால் சத்தம் வரும். வைக்கவில்லை.

மேடையில் லூட்கருக்கு இதெல்லாம் தெரியாது. தோளைக் குறுக்கிக்கொண்டு, இதோ மூடி விழும், இதோ விழும் என்று காத்திருந்தார். அதற்குப் பதில் சரளைக்கல்லில் காலடிச் சத்தம் கேட்டது. பலபேர் அவசரமாக நடக்கும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. மூடி இல்லை, பேச்சு இல்லை, இருமல்கூட இல்லை.

அவருக்குத் தோன்றிய காரணம் ஒன்றுதான். எழுந்து போய்விட்டார்கள். தோட்டமே காலி.

திரும்பிப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. அப்புறம் விசித்திரமாக ஒரு நிம்மதி வந்தது. போகட்டும். யாரும் இல்லை. யாரையும் குஷிப்படுத்த வேண்டாம், யாருக்கும் நிரூபிக்க வேண்டாம். எதிரே முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள், வால்புர்கா எங்கோ ஒரு மூலையில் இருப்பாள், போதும். தோள் இறங்கியது. கோல் இன்னும் மெதுவானது. டீட்மார் அவரையே பார்த்துக்கொண்டு, இருக்கிற மூச்சை எல்லாம் கொடுத்தான். தபால்காரரின் செல்லோ அழுதது. லூட்கர் நடத்திக்கொண்டே சிரித்தார். கண்ணில் நீர் வழிந்து மெழுகு போட்ட மீசையில் இறங்கியது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் வாசித்ததில்லை.

ஒன்பது நிமிஷம். கடைசிச் சுரம் லிண்டன் இலைகளுக்குள் போய்க் கரைந்தது. அவர் கோலைத் தாழ்த்தி, காலி நாற்காலிகளைப் பார்க்கத் தயாராகி, திரும்பினார்.

எண்ணூறு பேரும் இருந்தார்கள். குழந்தைகள் உட்பட. யாரும் அசையவில்லை. பாதை நெடுகப் பதினாலு பேர் கையில் பீருடன் சிலையாக நின்றார்கள். லூட்கருக்கு ஒன்றும் புரியவில்லை.

முதலில் தோற்றது ஆலோய்ஸின் கை. பன்னிரண்டு கோப்பையும் சரளைக்கல்லில் விழுந்து உடைந்தன. பீர் வெள்ளமாக ஓடியது.

"மன்னிச்சுக்கோங்க மாஸ்டர்!" என்று ஆலோய்ஸ் கத்தினார். "முப்பது வருஷத்துல மொத தடவ!"

அதோடு தோட்டம் வெடித்தது. கைதட்டல், விசில், மேஜையில் குத்து, தொப்பிகள் வானத்தில். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஒரே கூச்சல். வால்புர்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். அதற்குள் கையுறை அம்மாள் மேடையருகே வந்துவிட்டார். திருமதி லூமிஸ், கமிட்டியின் தலைவி. அவருக்கு ஜெர்மன் தெரியாது, லூட்கரின் இங்கிலீஷ் பால்காரருக்கும் தபாலாபீசுக்கும் மட்டும் போதுமானது. நடுவில் நின்று மொழிபெயர்க்க இர்மா வந்தாள், கையில் இன்னும் சுத்தியலுடன்.

"பாஸ்டன்ல வெல்வெட் நாற்காலில உக்காந்து கேக்கறவங்ககூட இருமுவாங்க," என்றார் திருமதி லூமிஸ். "பீர் குடிக்கிற இத்தனை பேரை இவர் எப்படி அடக்கினாருன்னு கேளும்மா."

இர்மா கேட்டாள். லூட்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எங்க அடக்கினேன்? எல்லாரும் எழுந்து போயிட்டாங்கன்னு நெனச்சேன். ஏய், இத அந்தம்மாகிட்ட சொல்லித் தொலைக்காதே."

இர்மா சொன்னாள். திருமதி லூமிஸ் சிரித்தார். வைக்கோல் தொப்பிகள் இரண்டும் ஆச்சரியத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்தன. அந்த அம்மாள் சிரித்து அவர்களும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"அந்தப் பதினாலு பேர் ஏன் அப்படி நின்னாங்க?"

"எங்க தோட்டத்துல அதான் வழக்கம்," என்றார் பின்னாலிருந்து காஸ்பர், கூசாமல். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும்.

திருமதி லூமிஸ் லூட்கரைப் பார்த்தார். "எங்க மண்டபம் அக்டோபர்ல திறக்குது. பாஸ்டன்லேருந்து நாப்பது வாத்தியக்காரங்கள வரவழைக்கிறோம். அவங்கள நடத்த இவர் வருவாரா?"

இர்மா மொழிபெயர்த்தாள். லூட்கர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"எந்த மண்டபம்? யாரு இவங்க?"

வால்புர்கா ஏப்ரன் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமையே வந்துச்சு."

"ஏன்டி சொல்லல?"

"ஃபிலடெல்ஃபியா," என்றாள் வால்புர்கா.

லூட்கர் கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரும் என்று அம்மாவும் மகளும் காத்திருந்தார்கள். அவர் வால்புர்காவை இழுத்து, எண்ணூறு பேர் பார்க்க, நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

"நல்ல வேளை சொல்லல. சொல்லியிருந்தா இந்நேரம் மூணு சிம்பொனி முடிச்சிருப்பேன்."

பிறகு திருமதி லூமிஸிடம் திரும்பினார். கையிலிருந்த கோலை அவரிடம் நீட்டினார். அவர் திகைத்துப்போய் வாங்கிக்கொண்டார்.

"இத ஆட்டிப் பாக்கச் சொல்லு இர்மா."

திருமதி லூமிஸ் மரியாதைக்கு இரண்டு ஆட்டு ஆட்டினார்.

"சத்தம் வருதா? வராது. சத்தம் அதோ அங்கேருந்து வருது. பீப்பாக்காரர், தபால்காரர், ரொட்டிக்காரன். பதினொரு வருஷமா நான் கண்ணைச் சிமிட்டினா அவங்களுக்கு அர்த்தம் தெரியும். மண்டபத்துக்கு வர எனக்குக் கொள்ளை ஆசை, மறைக்க மாட்டேன். ஆனா வந்தா நாங்க முப்பத்து மூணு பேர். ஒருத்தன் குறைஞ்சாலும் நான் வரல. இதுல ஒரு வார்த்தை விடாம சொல்லு."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். வைக்கோல் தொப்பிகள் குசுகுசுத்தன. திருமதி லூமிஸ் கோலைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி. ஒன்பது பேர் கமிட்டி மொத்தமும் கேக்கணும். வியாழக்கிழமை காலை பத்து மணி, மண்டபத்துல, எல்லாரோடயும். இன்னைக்கு வாசிச்சதையே வாசிக்கட்டும். இப்படி வாசிச்சா, பாஸ்டனுக்கு நான் தந்தி அடிச்சு வேண்டாம்னு சொல்லிடறேன்."

இர்மா அப்பாவிடம் திரும்பாமல் அந்த அம்மாளிடமே இங்கிலீஷில் கேட்டாள். "வெள்ளிக்கிழமை முடியாதா மேடம்?"

"வியாழன் மதியம் பாதிப் பேர் ஊரை விட்டே போறாங்க. வியாழன் காலைதான்."

"என்னடி சொல்றாங்க?" என்றார் லூட்கர்.

"வியாழக்கிழமை. காலை பத்து மணி. எல்லாரும் வந்து வாசிக்கணுமாம்," என்றாள் இர்மா, குரல் இறங்கிப்போய்.

காஸ்பர் ஒரு பெஞ்சின் மேல் ஏறினார். பெஞ்சு முனகியது.

"எல்லாரும் கேளுங்க! வியாழக்கிழமை தோட்டம் மூடல்! எவனுக்கும் பீர் கெடையாது! எல்லாரும் ஆத்தத் தாண்டி மண்டபத்து வாசலுக்கு வர்றீங்க! மாப்ளே, நீ அங்க போயி என் பேரக் காப்பாத்தல, திரும்ப இங்க காலெடுத்து வைக்காதே!"

சொல்லிவிட்டு அந்தப் பெரிய உருவம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. லூட்கர் எக்கி மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவர் மேடையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "கேட்டீங்கல்ல? வியாழக்கிழமை பத்து மணி. முப்பத்திரண்டு பேரும்!"

ஹோவென்று கத்தினார்கள். ஒருவன் மட்டும் கத்தவில்லை. டீட்மார் ஓபோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"மாஸ்டர், என்னால முடியாது."

"என்னடா முடியாது?"

"வியாழக்கிழமை பத்து மணிக்கு எனக்குக் கோர்ட்டுல கல்யாணம்."

அடுத்த நொடி மேடையே கூத்தாடியது. பீப்பாக்காரர் அவன் முதுகில் அறைந்தார். கள்ளன், யாருக்கும் சொல்லவே இல்லையே, பொண்ணு யாருடா என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"தள்ளிப் போடுடா!" என்றார் லூட்கர். "ஒரு நாள்தானே? பொண்ணுகிட்ட நான் வந்து பேசறேன். நான் சொன்னா கேப்பா."

"ரெண்டு தடவ ஒத்திகைக்காகத் தள்ளிப் போட்டாச்சு மாஸ்டர். இன்னொரு தடவ தள்ளினா பொண்ணு கெடையாதுன்னு சொல்லிட்டா." டீட்மாரின் காது இரண்டும் தக்காளியாகச் சிவந்திருந்தன. அவன் லூட்கரைப் பார்க்கவில்லை. லூட்கருக்குப் பின்னால் எங்கோ பார்த்தான்.

திருமதி லூமிஸ் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "என்னம்மா கலாட்டா? அந்தப் பையன் என்ன சொல்றான்?"

"அவருக்கு வியாழக்கிழமை பத்து மணிக்குக் கல்யாணமாம்," என்றாள் இர்மா இங்கிலீஷில்.

"அடடா. யாரைக் கட்டிக்கிறான்?"

மதியம் முழுக்க மற்றவர்களின் பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்த இர்மா, கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"என்னை."

அவ்வளவு இங்கிலீஷ் லூட்கருக்கும் தெரியும்.